உடற்பயிற்சியுடன் எடையைக் குறைக்கும்போது போதுமான அளவு உண்பது எப்படி?

முக்கியக் குறிப்புகள்

• எடை குறைய, உடல் செலவிடும் ஆற்றலைவிட உண்ணும் ஆற்றல் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் குறைவு மிதமாக இருப்பதே பாதுகாப்பானது.
• கடுமையாக உணவைக் குறைத்துக்கொண்டு, உடற்பயிற்சியையும் கூட்டினால் கொழுப்புடன் தசையும் கரையும். சோர்வு, தலைச்சுற்றல், முடி உதிர்தல், மாதவிடாய்க் கோளாறு ஆகியவை ஏற்படலாம்.
• வாரத்திற்கு ஏறத்தாழ அரை கிலோ எடை குறைவது பெரும்பாலானோருக்கு ஏற்ற வேகம்.
• நீரிழிவு நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள், மருத்துவரின் ஆலோசனையின்றி உணவைக் குறைக்கவோ வேளை உணவைத் தவிர்க்கவோ கூடாது.

இப்பக்கத்தில் கலோரி என்று குறிப்பிடப்படுவது, உணவுப் பொட்டலங்களில் கிலோகலோரி என அச்சிடப்படும் அதே அளவாகும்.

அறிமுகம்

"காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், இரவில் உண்பதே இல்லை, ஆயினும் எடை குறையவில்லை" என்பது மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கப்படும் கூற்று. இவ்வாறு கூறுவோரிடம் முயற்சிக்குக் குறைவில்லை. பல நேரங்களில் அவர்கள் உணவைத் தாங்க முடியாத அளவுக்குக் குறைத்திருப்பதே இடையூறாக அமைகிறது. உடல் அந்தக் குறைவை ஈடுசெய்ய முயல்கிறது. சில நாட்கள் கழித்துப் பசி மிகுந்து, உண்ணும் அளவு கட்டுக்கடங்காமல் போகிறது.

தமிழ்நாட்டில் இது மற்றொரு காரணத்தாலும் கவனத்திற்குரியது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். அதே வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. எடை மிகுதியாக இருக்கும் ஒருவருக்கே இரும்புச்சத்தும் புரதமும் பற்றாக்குறையாக இருக்கலாம். அவர் உணவை மேலும் பாதியாகக் குறைத்தால், ஏற்கெனவே உள்ள பற்றாக்குறை பெருகும்.

உடலின் ஆற்றல் எங்கே செலவாகிறது?

நீங்கள் உண்ணும் உணவின் ஆற்றல் நான்கு வழிகளில் செலவாகிறது.

• அடிப்படைத் தேவை: இதயத் துடிப்பு, மூச்சு, மூளை, சிறுநீரகம், உடல் வெப்பம் ஆகியவற்றுக்காக, நீங்கள் படுத்திருக்கும்போதும் செலவாகும் ஆற்றல். உடலுழைப்பு குறைந்தவர்களுக்கு மொத்தச் செலவில் பெரும்பகுதி இதுவே.
• செரிமானம்: உண்ட உணவைச் செரிக்கச் செலவாகும் ஆற்றல்.
• அன்றாட அசைவுகள்: சமைத்தல், பெருக்குதல், மாடிப்படி ஏறுதல், கடைக்கு நடந்து செல்லுதல் போன்றவை.
• உடற்பயிற்சி: நடை, மிதிவண்டி, நீச்சல், தசை வலுவூட்டும் பயிற்சி.

பலரும் நான்காவதை மட்டுமே கணக்கிடுகின்றனர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 45 நிமிடம் விரைவாக நடந்தால், ஓய்வாக இருந்தால் செலவாகியிருக்கும் ஆற்றலுக்கு மேல் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 150 முதல் 200 கலோரி மட்டுமே. ஒன்று அல்லது இரண்டு மெதுவடையில் அந்த ஆற்றல் திரும்பக் கிடைத்துவிடும். எனவே உடற்பயிற்சி செய்கிறோம் என்பதற்காக மிகுதியாக உண்பதும் தவறு, உடற்பயிற்சியின் பலனை விரைவுபடுத்த உணவையே விட்டுவிடுவதும் தவறு.

உங்களுக்கு எவ்வளவு தேவை?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒரு நாளைக்கான சராசரி ஆற்றல் தேவை வருமாறு:

• 65 கிலோ எடையுள்ள ஆண், குறைந்த உடலுழைப்பு: 2110 கலோரி
• 65 கிலோ எடையுள்ள ஆண், மிதமான உடலுழைப்பு: 2710 கலோரி
• 55 கிலோ எடையுள்ள பெண், குறைந்த உடலுழைப்பு: 1660 கலோரி
• 55 கிலோ எடையுள்ள பெண், மிதமான உடலுழைப்பு: 2130 கலோரி

இவை எடையை அப்படியே காத்துக்கொள்வதற்கான அளவுகள். எடை குறைய விரும்புவோர் தம் தேவையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 500 கலோரி வரை குறைத்துக்கொள்ளலாம். பொதுவாகப் பெண்கள் 1200 கலோரிக்கும் ஆண்கள் 1500 கலோரிக்கும் கீழே மருத்துவ மேற்பார்வையின்றிச் செல்லக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு

வயது 40, உயரம் 155 செ.மீ., எடை 70 கிலோ கொண்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய உடல் நிறை குறியீட்டெண் 29. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை என்றும், 25-க்கு மேல் உடல் பருமன் என்றும் கொள்ளப்படுவதால், எடையைக் குறைப்பது அவருக்கு நன்மை தரும்.

• அவருடைய அடிப்படைத் தேவை: ஏறத்தாழ 1300 கலோரி
• செரிமானமும் வீட்டு வேலைகளும் சேர்த்து: ஏறத்தாழ 1800 கலோரி
• நாள்தோறும் 45 நிமிட விரைவு நடையும் சேர்த்து: ஏறத்தாழ 1950 முதல் 2000 கலோரி

இவர் 1450 முதல் 1500 கலோரி வரை உண்டால், நாளொன்றுக்கு 500 கலோரி குறைவு ஏற்படும். தொடக்க மாதங்களில் வாரத்திற்கு ஏறத்தாழ அரை கிலோ குறையும். எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைவதால், இந்த வேகம் பின்னர் தணிவது இயல்பு.

அதே பெண் காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், நண்பகலில் சிறிதளவு சோறும், இரவில் ஒரு பழமும் மட்டும் உண்டு, 900 கலோரியுடன் நிறுத்திக்கொள்கிறார் என்று கொள்வோம். நடைக்குச் செலவான 170 கலோரியைக் கழித்தால் எஞ்சுவது 730. இதயமும் மூளையும் சிறுநீரகமும் இயங்கவே 1300 தேவைப்படும் உடலுக்கு அது பாதியளவே. மீதியை உடல் தன் சேமிப்பிலிருந்து எடுக்கிறது. அந்தச் சேமிப்பில் கொழுப்பு மட்டுமன்றித் தசையும் அடங்கும்.

கவனிக்க: மேலே உள்ள 1500 கலோரிக் கணக்கில் நடைப்பயிற்சி ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டது. "இன்று நடந்துவிட்டேன்" என்று அதற்காக மீண்டும் கூடுதலாக உண்ண வேண்டியதில்லை. கைக்கடிகாரமும் டிரெட்மில் கருவியும் காட்டும் எண்கள் பெரும்பாலும் உண்மைச் செலவைவிட மிகுதியாக இருக்கும். ஆனால் வழக்கத்தைவிட நீண்ட மலையேற்றம், பாதயாத்திரை, வயல் வேலை போன்ற நாட்களில் கூடுதல் உணவு தேவைப்படும்.

மிகக் குறைவாக உண்டால் உடலில் என்ன நிகழும்?

முதல் வாரத்தில் எடை விரைவாக இறங்கும். இது ஊக்கம் தருவதாகத் தோன்றினாலும், அதில் பெரும்பகுதி கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்தும் அதனுடன் பிணைந்திருந்த நீருமே. மீண்டும் வழக்கம்போல் உண்டவுடன் அந்த எடை திரும்பிவிடும்.

அதன்பின் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. நீங்கள் அறியாமலேயே அசைவுகள் குறைகின்றன. பயிற்சி முடிந்தபின் நாள் முழுவதும் படுத்திருக்கத் தோன்றுகிறது. பசியைத் தூண்டும் சுரப்புகள் மிகுகின்றன.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. தன்னார்வலர்களான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதங்கள் வழக்கமான உணவில் ஏறத்தாழ பாதியே வழங்கப்பட்டது. அவர்கள் வாரந்தோறும் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டியிருந்தது. எடை குறைந்தது. அதனுடன் வலிமையும் குறைந்தது. உடல் எப்போதும் குளிர்ந்தது, மனச்சோர்வும் எரிச்சலும் மிகுந்தன, நாள் முழுவதும் உணவைப் பற்றிய எண்ணமே அவர்களை ஆட்கொண்டது. அவர்கள் ஒல்லியான, நலமிக்க இளைஞர்கள். உடல் பருமன் உள்ளவருக்குச் சேமிப்பு மிகுதி என்பதால் விளைவுகள் அதே அளவில் இருக்கமாட்டா. எனினும் கடும் பசியின்போது தோன்றும் எரிச்சலும் உணவு பற்றிய ஓயாத எண்ணமும் மன உறுதியின் குறையல்ல, உடலின் இயல்பான எதிர்வினை என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

எச்சரிக்கை அறிகுறிகள்

பின்வருவனவற்றில் ஒன்றோ பலவோ தோன்றினால், உங்கள் உணவு போதவில்லை என்று பொருள் கொள்ளலாம்:

• உறங்கி எழுந்தபின்னும் நீங்காத சோர்வு
• பயிற்சியின்போது தலைச்சுற்றல், படபடப்பு, கை நடுக்கம்
• முன்பு எளிதாக நடந்த தொலைவை இப்போது கடக்க இயலாமை
• எப்போதும் குளிர்வது போன்ற உணர்வு
• மலச்சிக்கல், உறக்கமின்மை, எரிச்சல், கவனக்குறைவு
• உணவைக் குறைத்து இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்குப் பிறகு மிகுதியாக முடி உதிர்தல்
• மாதவிடாய் தள்ளிப்போதல் அல்லது நின்றுபோதல்
• பகலெல்லாம் பட்டினி இருந்து, இரவில் கட்டுப்பாடின்றி உண்ணுதல்

மாதவிடாய் நின்றுபோவதை எளிதாகக் கருத வேண்டாம். ஆற்றல் போதாதபோது மூளை இனப்பெருக்கச் சுரப்புகளைக் குறைக்கிறது. அது நீடித்தால் எலும்புகள் வலுவிழக்கும். வாரத்திற்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை குறைவோருக்குப் பித்தப்பைக் கற்கள் உருவாகும் வாய்ப்பும் மிகுதி.

சில அறிகுறிகள் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு ஆகியவற்றிலும் காணப்படும். எனவே காரணத்தை நீங்களே முடிவு செய்யாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

போதுமான அளவு உண்பதற்கான வழிமுறைகள்

1. வேளை உணவைத் தவிர்க்காதீர்கள். மூன்று வேளையும் அளவோடு உண்ணுங்கள். குறைக்க வேண்டியவை முதலில் எண்ணெய், சர்க்கரை, நொறுக்குத் தீனி, இனிப்புப் பானங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரியும், ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 20 கலோரியும் உள்ளன. நாள்தோறும் நான்கு முறை, இரண்டு தேக்கரண்டி சர்க்கரையுடன் காபியோ தேநீரோ அருந்துபவர், சர்க்கரையை விட்டாலே 160 கலோரி குறையும். ஊட்டச்சத்து எதுவும் குறையாது.

2. ஒவ்வொரு வேளையிலும் புரதம் இடம்பெறட்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. எடை குறைப்போர் அதைச் சற்றுக் கூட்டி 1 கிராம் வரை உண்பது தசையைக் காக்க உதவும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 18 முதல் 20 கிராம், வேகவைத்த 100 கிராம் கொண்டைக்கடலையில் 8 முதல் 9 கிராம், 100 மில்லிலிட்டர் பாலில் 3 கிராம் புரதம் உள்ளது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் குறிப்பிட்ட அளவையே பின்பற்ற வேண்டும்.

3. சோற்றை அறவே விட வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, அந்த இடத்தைக் காய்கறி, கீரை, பருப்பு ஆகியவற்றால் நிரப்புங்கள். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு அல்லது சிறுதானியம், கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன் என்பது எளிய அளவுகோல்.

4. நடைக்கு முன்னும் பின்னும் கவனியுங்கள். காலையில் அரை மணி நேர மிதமான நடைக்கு முன் உண்ண வேண்டிய கட்டாயம் பெரும்பாலோருக்கு இல்லை. தலைச்சுற்றல் ஏற்படுவோர் ஒரு சிறிய வாழைப்பழம் உண்டபின் புறப்படலாம். பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் காலை உணவை முடித்துக்கொள்ளுங்கள். விரத நாட்களில் கடினமான பயிற்சியைத் தவிர்த்திடுங்கள்.

5. தசை வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியுடன், குறைந்தது இரண்டு நாட்கள் தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுதல், நீர் நிறைந்த புட்டிகளைத் தூக்குதல் ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம்.

ஒரு நாள் உணவுக்கான மாதிரி: ஏறத்தாழ 1500 கலோரி

• காலை 6 மணி: சர்க்கரை சேர்க்காத காபி அல்லது தேநீர், ஒரு சிறிய வாழைப்பழம் (150)
• காலை 8.30: மூன்று இட்லி, ஒரு கிண்ணம் காய்கறி சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை (375)
• முற்பகல் 11: ஒரு குவளை மோர் (40)
• பிற்பகல் 1: ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் கெட்டியான பருப்புக் குழம்பு, ஒரு கிண்ணம் பொரியல், அரை கிண்ணம் தயிர் (480)
• மாலை 4.30: அரை கிண்ணம் சுண்டல், சர்க்கரை சேர்க்காத தேநீர் (170)
• இரவு 7.30: இரண்டு சிறிய சப்பாத்தி, ஒரு கிண்ணம் பாசிப்பருப்பும் காயும் சேர்த்த கூட்டு (320)

இதில் ஏறத்தாழ 55 முதல் 60 கிராம் புரதம் கிடைக்கும். முட்டை உண்ணாதோர் அதற்கு மாற்றாகக் கூடுதலாகச் சுண்டலோ பாலோ சேர்த்துக்கொள்ளலாம். இது எடுத்துக்காட்டில் கூறப்பட்ட பெண்ணுக்கான மாதிரி. உயரம், எடை, வயது, உழைப்பு, நோய் ஆகியவற்றைப் பொறுத்து உங்களுக்கான அளவு மாறும். மிதமான உடலுழைப்புள்ள ஆணுக்கு இது போதாது.

முன்னேற்றத்தை எவ்வாறு அளப்பது?

நாள்தோறும் எடை பார்ப்பது வீண் கவலையைத் தரலாம். உப்பு, நீர், மலம், மாதவிடாய் ஆகியவற்றால் எடை ஒரு கிலோ வரை ஏறி இறங்கும். வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்தபின், உண்பதற்கு முன் எடை பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவை அளந்திடுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பவை எல்லைகள். 70 கிலோ எடையுள்ளவர் மூன்றரை கிலோ குறைத்தாலே, அதாவது 5 விழுக்காடு குறைந்தாலே, இரத்தச் சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் முன்னேற்றம் காணலாம்.

மூன்று, நான்கு வாரங்கள் எடை மாறாவிடில் உடனே உணவை மேலும் குறைக்க வேண்டாம். முதலில் மூன்று நாட்கள் உண்பதனைத்தையும் எழுதிப் பாருங்கள். சமைக்கும்போது ருசி பார்ப்பது, குழந்தைகள் மீதம் வைத்ததை உண்பது, மாலை நேர நொறுக்குத் தீனி, விடுமுறை நாள் உணவு ஆகியவை கணக்கில் விடுபட்டிருக்கலாம்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு

இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்கள் உணவைக் குறைத்து உடற்பயிற்சியையும் கூட்டினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதைத் திட்டத்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தை நீங்களே நிறுத்த வேண்டாம். டபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்வோர் பட்டினி இருப்பதும் மாவுச்சத்தை அறவே விடுவதும், இரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகும் அபாயத்தை உண்டாக்கும்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்துங்கள். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால், அல்லது அளக்க இயலாவிடில், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்துங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, தாழ்வாகவே இருப்பின் மறுபடியும் அருந்துங்கள். பின்னர் உணவு உண்ணுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைத்திடுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொள்வோருக்கு எடை குறையும்போது அழுத்தமும் தாழலாம். எழுந்து நிற்கையில் தலை சுற்றினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பின்வருவோர் மருத்துவரின் ஆலோசனையின்றி உணவைக் குறைக்கக் கூடாது: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குட்பட்டோர், முதியோர், காசநோய் சிகிச்சை பெறுவோர், சிறுநீரக, கல்லீரல், இதய நோயாளிகள், உண்ணுதல் தொடர்பான மனநலப் பாதிப்பு முன்பு இருந்தவர்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

பல வீடுகளில் அனைவருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உண்பவர் தாயோ மனைவியோதான். குழம்பில் காயும் பருப்பும் தீர்ந்துபோய், அவருக்கு எஞ்சுவது சோறும் சாறும். அவர் எடை குறைக்க முயலும்போது அந்தச் சோற்றையும் விட்டுவிடுகிறார். அவருக்கான முட்டை, பருப்பு, காய்கறிகளை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். இயன்றவரை அனைவரும் சேர்ந்து உண்ணுங்கள். அவருக்கென்று தனிச் சமையல் தேவையில்லை. எண்ணெயும் உப்பும் குறைந்த உணவு குடும்பம் முழுவதற்கும் நல்லது.

"இன்று எதுவுமே சாப்பிடவில்லையா, நல்லது" என்று பட்டினியைப் பாராட்டாதீர்கள். உடல் தோற்றத்தைக் கேலி செய்யாதீர்கள். உண்டதை வலிந்து வாந்தியெடுத்தல், பேதி மருந்து உட்கொள்ளுதல், மறைவாக உண்ணுதல், எடை குறைந்தபின்னும் பருமனாக இருப்பதாக அஞ்சுதல் ஆகியவற்றைக் கண்டால் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108-ஐ அழைத்திடுங்கள்
• மாதவிடாய் மூன்று மாதங்களுக்கு வராதிருந்தால்
• வலது மேல்வயிற்றில் கடும் வலி, வாந்தி இருந்தால்
• இரத்தச் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால்
• உணவைக் குறைக்காமலேயே எடை குறைந்தால்
• முறையாக உண்டும் பயிற்சி செய்தும் மூன்று மாதங்களில் எம்மாற்றமும் இல்லாவிடில்

எங்கே உதவி கிடைக்கும்?

அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, இரத்தசோகை ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். தேவைப்படுவோர் உணவியல் வல்லுநரின் ஆலோசனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிற்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம், நீங்கள் எடை குறைக்கத் தொடங்கியிருப்பதைத் தெரிவியுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.